கை நரம்பு அடிபட்டால் கரண்ட் வைப்பது உதவுமா? (அண்ணன் பரோட்டா மாஸ்டர், மணிக்கட்டு தூக்க வரவில்லை)

#1 · சாத்தூர்ச்சேவு · ஜூன் 9

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு 34 வயது, பரோட்டா மாஸ்டர். ஏப்ரல் 27 ராத்திரி கடையை மூடிவிட்டு வரும்போது பைக் சறுக்கி வலது மேல்கை எலும்பு உடைந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது. ஆனால் விழுந்த நிமிடத்திலிருந்தே கை மணிக்கட்டோடு தொங்குகிறது. விரலை மடக்குகிறார், விரிக்க முடியவில்லை. புறங்கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளினால் தெரியவில்லை. "ரேடியல் நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுபடவில்லை, பிளேட் வைக்கும்போது கண்ணால் பார்த்தேன், பொறுங்கள்" என்று டாக்டர் சொன்னார்.

மே 18இலிருந்து பக்கத்து பிசியோ சென்டரில் தினமும் கரண்ட் வைக்கிறோம். 20 நிமிடம், 250 ரூபாய். இதுவரை 19 சிட்டிங். விஷயம் என்னவென்றால், கரண்ட் வைக்கும்போது மணிக்கட்டு மேலே வரவே இல்லை. கரண்டைக் கூட்டினால் விரல்கள் உள்பக்கமாக மடங்குகின்றன. கேட்டால், "30 சிட்டிங் முடியட்டும்" என்கிறார்கள்.

என் கேள்விகள்: கரண்ட் வைத்தால் நரம்பு வளருமா? ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு மெஷின் கிடைக்கிறது, வாங்கி வீட்டிலேயே வைக்கலாமா? உள்ளே பிளேட் இருக்கிறதே, ஆபத்து உண்டா? அண்ணன் வாய்விட்டு எதுவும் சொல்வதில்லை. ராத்திரி இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

#2 · திருமங்கலம்77 · ஜூன் 9

கண்டிப்பாக மெஷினை வாங்குங்கள் சகோ. என் மாமனாருக்கு ஸ்ட்ரோக் வந்து கால் பாதம் தூக்க வரவில்லை. கரண்ட் வைக்க வைக்க அந்த நேரமே பாதம் மேலே வந்தது. இப்போது கோயில் பிரகாரம் சுற்றுகிறார். நரம்புக்குக் கரண்ட்தான் மருந்து.

#3 · ஈயப்பற்று · ஜூன் 9

தொடர்கிறேன். மெஷினைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது, நாளை எழுதுகிறேன்.

#4 · பிசியோக்கா · ஜூன் 9

அரசு ஆஸ்பத்திரியில் 16 வருஷமாக பிசியோவாக இருக்கிறேன். தம்பி, உங்கள் அண்ணனின் கையை நான் பார்க்கவில்லை. அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் #2க்கு. உங்கள் மாமனார் எழுந்து நடப்பது சந்தோஷம். ஆனால் ஸ்ட்ரோக் வேறு, இது வேறு. ஸ்ட்ரோக்கில் கோளாறு சப்-ஸ்டேஷனில். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் நன்றாகவே இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்தால் அந்த வயர் வழியாகப் போய்த் தசை உடனே இழுக்கிறது. ஸ்ட்ரோக் வந்தவர்கள் நடக்கும்போது பாதத்தைத் தூக்கிவிடும் கருவியை லிபர்சன் என்பவர் 1961லேயே செய்துவிட்டார். இந்தத் தம்பியின் அண்ணனுக்கு அறுந்து கிடப்பது அந்த சர்வீஸ் வயரேதான்.

"அறுபடவில்லை என்று டாக்டர் சொன்னாரே" என்பீர்கள். வெளி உறை அறுபடவில்லை. உள்ளே இழைகள் செத்திருக்கலாம். நரம்புக் காயத்தை மூன்று வகையாக 1943இல் செட்டன் பிரித்தார். இன்றும் அதைத்தான் சொல்கிறோம். ஒன்று, நரம்பு அமுங்கி மரத்துக் கிடப்பது. இழை உயிரோடு இருக்கும், சில வாரங்களிலோ மூன்று மாதத்துக்குள்ளோ தானாகத் திரும்பும். இரண்டாவது, உறை இருக்கும், உள்ளே இழை செத்துப்போகும். புது இழை அந்த உறைக்குள்ளேயே ஊர்ந்து வரவேண்டும். மூன்றாவது, முழுசாக அறுந்தது. அது தைக்காமல் சேராது.

இனி கரண்டுக்கு வருவோம். டென்ஸ், ஃபேரடிக் என்று நாம் வைக்கும் கரண்ட் ஒவ்வொரு தட்டும் ஒரு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். அவ்வளவு குட்டித் தட்டுக்கு நரம்புதான் விழிக்கும், தசை விழிக்காது. நரம்பு இழை செத்துப்போன தசைக்கு 100 மில்லி செகண்டுக்கு மேல் நீளமான தட்டு வேண்டும். அதைத்தான் நாங்கள் கால்வனிக் என்கிறோம்.

அடிபட்ட முதல் சில நாட்கள் மட்டும் அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள நரம்புத்துண்டு உயிரோடு இருக்கும், அப்போது ஃபேரடிக்கும் வேலை செய்யும். ஒரு வாரம் போனால் அதுவும் அணைந்துவிடும். நீங்கள் ஆரம்பித்ததே மூன்றாவது வாரம்.

இப்போது நீங்கள் கண்டதைப் பாருங்கள். கூட்டினால் விரல் உள்பக்கம் மடங்குகிறது. புறங்கைப் பக்கத் தசை கேட்கவில்லை. மீதிக் கரண்ட் கசிந்துபோய் உள்ளங்கைப் பக்கம் நன்றாக இருக்கும் நரம்பை எழுப்புகிறது. 19 நாளாக நீங்கள் காசு கொடுத்து நல்ல தசைக்கு உடற்பயிற்சி செய்து வைத்திருக்கிறீர்கள். அதைவிட மோசம், தொங்கும் கையை அது மேலும் உள்பக்கம்தான் இழுக்கிறது.

நாளைக்குப் போகும்போது மெஷினில் எந்தக் குமிழைத் திருப்புகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பக்கம் இருக்கும்.

#5 · சாத்தூர்ச்சேவு · ஜூன் 10

அக்கா, பார்த்தேன். இடதுபக்கம் ஃபேரடிக், வலதுபக்கம் கால்வனிக் என்று எழுதியிருக்கிறது. 20 நாளும் இடதுபக்கக் குமிழ்தான். வலதுபக்கக் குமிழில் தூசி படிந்திருந்தது.

#6 · ஈயப்பற்று · ஜூன் 10

நான் டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்ப்பவன். என் மனைவிக்கு முதுகுவலி என்று இப்படி ஒரு மெஷின் வாங்கினோம். "தசைத் தூண்டி" என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல், கரண்டின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் கொடுத்துப் பார்த்தேன். எந்த மோடில் வைத்தாலும் தட்டின் அகலம் 250 மைக்ரோ செகண்டைத் தாண்டவில்லை. 12 மோடு, 12 பெயர், 12 படம். மாறுவதெல்லாம் தட்டு எத்தனை வேகமாக வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான்.

அக்கா சொன்ன 100 மில்லி செகண்ட் என்பது இதைப்போல 400 மடங்கு. உள்ளே இருப்பது பட்டாணி அளவு காயில். அதிலிருந்து அவ்வளவு நீளமான தட்டு வராது. முதுகுவலிக்கு என் மனைவி இன்னும் வைத்துக்கொள்கிறாள், அது வேறு கதை. ஆனால் சாத்தூர்ச்சேவு, உங்கள் வேலைக்கு இது ஆகாது. 1,800 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஒரு சந்தேகம்: நீளமான தட்டு என்றால் அது நல்ல தசையையும் சேர்த்துத்தானே இழுக்கும்?

#7 · பிசியோக்கா · ஜூன் 10

நல்ல கேள்வி. அதற்குத்தான் முக்கோணத் தட்டு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கரண்ட் சட்டென்று ஏறாமல் சரிவாக மெல்ல ஏறும்.

பெட்ரோல் விலை தினமும் 20 பைசா ஏறினால் யாரும் கேட்பதில்லை. ஒரே ராத்திரியில் 5 ரூபாய் ஏறினால் பஸ் ஸ்டாண்டே கத்தும். நல்ல நரம்பின் குணமும் இதேதான். மெல்ல ஏறும் கரண்டுக்குப் பழகிக்கொண்டு சும்மா இருந்துவிடும். நரம்பு செத்த தசைக்கு அப்படிப் பழகத் தெரியாது, அது மட்டும் இழுக்கும்.

அந்த இழுப்பைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். நல்ல தசை வெடுக்கென்று துள்ளும். நரம்பில்லாத தசை மண்புழு நெளிவது மாதிரி மெதுவாகச் சுருண்டு மெதுவாக விடும். காலேஜில் முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது.

பிளேட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி பிளேட் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது, உலோகம் சூடேறும். ஃபேரடிக், கால்வனிக் தட்டுகளில் அந்தச் சூடு இல்லை. ஆனாலும் கால்வனிக் பேட் பிளேட்டுக்கு நேர் மேலே வரவேண்டாம். இங்கே தசை இருப்பது முன்கையில், பிளேட் மேல்கையில். பிசியோவிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிடுங்கள்.

#8 · சான்றெங்கே · ஜூன் 10

எல்லாம் சரி. ஆனால் யாரும் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. சரியான குமிழைத் திருப்பினால் மட்டும் நரம்பு வளர்ந்துவிடுமா?

தசை மேல் வைக்கும் கரண்ட் நரம்பை வளர்க்கும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லை. "தசை கரையாமல் வைத்திருக்கும்" என்பதுதான் அடுத்த வாதம். அதற்கு வியன்னாவில் ஹெல்முட் கெர்ன் குழு செய்ததைக் காட்டுவார்கள். அது உண்மையான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் தண்டுவடத்தின் அடிப்பகுதி நசுங்கி, தொடைத் தசைக்கு நரம்பே நிரந்தரமாகப் போனவர்கள். தொடையையே மூடும் அளவு பெரிய பேட், 250 மில்லி ஆம்பியர் வரை கரண்ட், வாரம் ஐந்து நாள், வருஷக்கணக்கில் வீட்டிலேயே. அப்படிச் செய்தபோது தசை மறுபடி பருத்தது. 20 நிமிடம் 250 ரூபாய் கணக்கோடு அதை ஒப்பிடவே முடியாது.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. எலியின் பின்னங்காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பை நசுக்கிவிட்டு, தசைக்குக் கரண்ட் வைத்துப் பார்த்த பிரேசில் குழு 2010இல் சொன்னது: கரண்ட் வைத்த எலிகளுக்கு ஆரம்பத்தில் நடை இன்னும் மோசமாக இருந்தது, தசை இன்னும் அதிகமாகக் கரைந்தது. கனடாவில் வேறு குழுவினர் தினம் ஒரு மணி நேரம் வைத்து நல்ல பலன் கண்டார்கள். ஆக எலிகளிடமே ஒற்றுமை இல்லை.

அப்புறம் எந்த தைரியத்தில் 30 சிட்டிங் என்று எழுதித் தருகிறார்கள்?

#9 · கோணச்சிரிப்பு · ஜூன் 11

குறுக்கே புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு நான்கு நாள் முன்பு முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது. பெல்ஸ் பால்சி என்றார்கள். மாத்திரை அன்றே ஆரம்பித்துவிட்டேன். முகத்துக்குக் கரண்ட் வைக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் துரத்துகிறார்கள். வைக்கலாமா?

#10 · பிசியோக்கா · ஜூன் 11

வேண்டாம். ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பு 2011இல் இதற்கான பிசியோ சிகிச்சைகளைப் பார்த்தது, கரண்டால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. பத்தில் ஏழு பேருக்கு எதுவும் செய்யாமலே முழுசாகத் திரும்பும். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததுதான் நீங்கள் செய்த பெரிய காரியம். மூடாத கண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு இமையை மூடி டேப். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து வலுக்கட்டாயமாக இழுத்து இழுத்துச் சிரித்துப் பார்க்காதீர்கள்.

#8க்கு. நீங்கள் கேட்பது நியாயம்தான், கேட்கும் தொனிதான் கடுப்பாக இருக்கிறது. நரம்பை வளர்க்க இது உதவும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. என் டிபார்ட்மென்டில் கால்வனிக் வைத்தால், 'தசையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு நோயாளிக்கு அதைக் காட்டுகிறேன்' என்றுதான் சொல்லி வைக்கிறேன். தன் கை அசைவதைக் கண்ணால் பார்த்த பிறகு சிலர் பயிற்சியை விடாமல் செய்கிறார்கள். அது அறிவியலா என்றால் இல்லை. வெளியே ஓ.பி. சீட்டோடு 40 பேர் உட்கார்ந்திருக்கும்போது, பேட் கட்டிவிட்டு அடுத்தவரிடம் போவது எளிது என்பதும் உண்மை. எங்கள் பக்கத்துக் குறையை மறைக்கவில்லை.

#11 · கரிசல்காட்டான் · ஜூன் 11

எனக்குக் கரண்ட் வைத்துத்தான் சரியானது, அதே கரண்ட் புண்ணும் தந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

மூன்று நாள் தொடர்ந்து குத்தவைத்து உட்கார்ந்து வெங்காயம் அறுத்தேன். நான்காம் நாள் எழுந்தால் வலது பாதம் தொங்குகிறது. நடந்தால் செருப்பு கழன்று முன்னால் போய் விழுகிறது. முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பு முட்டிக்கொண்டு இருக்குமே, அங்கே நரம்பு அமுங்கிவிட்டது என்றார்கள். ஒரு சென்டரில் கரண்ட் வைத்தார்கள். இவர்கள் சொல்லும் கால்வனிக்தான். ஒரு நாள் ஸ்பான்ஜ் சரியாக நனையவில்லை. பேட் வைத்துவிட்டு அந்தப் பையன் போனில் பேசப் போய்விட்டான். கணுக்கால் முன்பக்கம்தான் எனக்கு மரத்துக் கிடக்கிறதே, எரிந்தது தெரியவில்லை. எடுத்துப் பார்த்தால் எட்டணா அளவுக்கு வெள்ளையாக வெந்திருக்கிறது. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. பாதம் ஆறு வாரத்தில் தூக்க வந்துவிட்டது.

#12 · பிசியோக்கா · ஜூன் 11

ஐயா, உங்கள் பாதம் ஆறு வாரத்தில் திரும்பியதென்றால் அது முதல் வகை. நரம்பு மரத்துத்தான் கிடந்தது, இழை சாகவில்லை. கரண்ட் வைக்காவிட்டாலும் திரும்பியிருக்கும். நல்ல பெயர் கரண்டுக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். அதனால்தான் ஊரில் பாதிப் பேர் "எனக்குக் கேட்டது" என்கிறார்கள், பாதிப் பேர் "கேட்கவே இல்லை" என்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

புண் விஷயம் எல்லாரும் கவனிக்கவேண்டியது. கால்வனிக் ஒரே திசையில் ஓடும் கரண்ட். பேட்டுக்கு அடியில் ஒரு பக்கம் அமிலம், ஒரு பக்கம் காரம் சேரும். ஸ்பான்ஜ் கனமாக, சமமாக நனைந்திருக்கவேண்டும், உலோகத் தகடு தோலில் படவே கூடாது. மரத்த தோலில் வைக்கும் முன், சுடுதண்ணீர் பச்சைத்தண்ணீர் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கிட்டவே வரக்கூடாது.

#13 · நெறியாளர் · ஜூன் 12

"21 நாளில் செத்த நரம்பு உயிர்க்கும் தைலம்" பதிவும் போன் நம்பரும் நீக்கப்பட்டன. மூன்றாவது முறை. அடுத்த முறை கணக்கே போய்விடும்.

#14 · ஸ்கார்பரோ_குளிர் · ஜூன் 12

கனடாவில் இருந்து எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை, மறுவாழ்வு நிலையம் ஒன்றில் உதவியாளராக வேலை. இங்கே நரம்பு சத்திரசிகிச்சை செய்தவர்கள் கன பேர் வருவார்கள். அவர்களோடு கதைத்துக் கதைத்து எனக்கே ஆர்வம் வந்து வாசித்தது இது.

சான்றெங்கே கேட்ட கேள்விக்குச் சான்று ஒரு இடத்தில் இருக்கிறது. ஆனால் அது தசையில் வைக்கும் கரண்ட் இல்லை, நரம்பிலேயே வைக்கும் கரண்ட். எட்மன்டனில் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் டெசா கோர்டன் என்கிற ஆய்வாளரின் குழு 2000ஆம் ஆண்டில் எலிகளில் செய்தது. தொடை நரம்பை வெட்டித் தைத்துவிட்டு, தைத்த இடத்துக்கு மேலே நரம்பில் செகண்டுக்கு 20 தட்டு வீதம் கரண்ட் கொடுத்தார்கள். சாதாரணமாக எல்லா இழைகளும் 25 மில்லிமீட்டர் தாண்டிப்போக 8 முதல் 10 கிழமை (வாரம்) எடுக்கும். கரண்ட் கொடுத்ததில் 3 கிழமையில் போய்விட்டன. அதிசயம் இதில்தான்: இரண்டு கிழமை விடாமல் கொடுத்தாலும், ஒரே ஒரு மணித்தியாலம் கொடுத்தாலும் பலன் ஒன்றுதான்.

நான் முதலில் இழை வேகமாக வளருகிறது என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். வேகம் அதேதான். தைத்த இடத்தில் இழைகள் ஆற்றங்கரையில் ஓடத்துக்கு நிற்கிற சனம் மாதிரி தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாகத்தான் கடக்கும். கடைசி ஆள் கடக்கக் கிழமைக்கணக்கு ஆகும். அந்த ஒரு மணித்தியாலக் கரண்ட் தண்டுவடத்தில் இருக்கிற நரம்பின் தாய்க்கலத்தை எழுப்பிவிடுகிறது, எல்லாரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். கரண்ட் தாய்க்கலத்துக்குப் போகாமல் நடுவில் மருந்தால் மறித்துப் பார்த்தபோது பலனும் இல்லாமல் போனது.

மனிதரிலும் செய்திருக்கிறார்கள். மணிக்கட்டில் நரம்பு அமுங்கி, அதற்கு கார்ப்பல் டனல் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு 2010இல். சிறிய ஆய்வுதான். கட்டை விரலடித் தசைக்கு வந்து சேர்ந்த நரம்பின் எண்ணிக்கை 6 முதல் 8 மாதத்தில் கரண்ட் கொடுத்தவர்களுக்குத் தெளிவாக ஏறியது, மற்றவர்களுக்கு அப்படி ஏறவில்லை. பிறகு விரல் நரம்பு அறுந்தவர்களுக்கு 2015இல், முழங்கையில் நரம்பு நசுங்கியவர்களுக்கு 2020இல்.

#15 · சான்றெங்கே · ஜூன் 12

இது சான்று. நன்றி. ஆனால் இது ஆபரேஷன் நேரத்தில் செய்வது. சாத்தூர்ச்சேவின் அண்ணனுக்கு அந்த நேரம் போய்விட்டது. கடையில் வாங்கும் பேட்டை ஒட்டிக்கொண்டு இதே பலனை எதிர்பார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நாளைக்கே "20 ஹெர்ட்ஸ் கனடா டெக்னாலஜி" என்று விளம்பரம் வரும்.

#16 · இடக்கை · ஜூன் 13

நான் பொதுவாக எழுதுவதில்லை. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பைக்கில் விழுந்து தோள்பட்டை நரம்புக்கட்டு போய்விட்டது. வலது கை முழுசும். "கரண்ட் வைத்தால் வரும்" என்றார்கள், வைத்தேன். ஒரு சென்டர் மாற்றி இன்னொரு சென்டர். பதினொரு மாதம். எண்ணி வைத்திருக்கிறேன், 214 சிட்டிங். பதினொன்றாவது மாதம் யாரோ சொல்லி நரம்பு ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் போனேன். அவர் கையைப் பார்க்கவே இல்லை, முதலில் விபத்து நடந்த தேதியைத்தான் கேட்டார். கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வந்திருந்தால் பக்கத்து நல்ல நரம்பிலிருந்து ஒரு இழையை எடுத்து முழங்கையை மடக்கும் தசைக்கு மாற்றியிருக்கலாமாம். ஒன்றரை வருஷத்துக்குள் நரம்பு வந்து சேராவிட்டால் தசை அதை ஏற்றுக்கொள்ளாதாம். தோளிலிருந்து ஊர்ந்து வருவதற்கே பாதி நாள் போய்விடும்.

அப்புறம் தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்துக் கையில் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். இப்போது முழங்கை மடங்குகிறது. இதை இடது கையால்தான் தட்டச்சு செய்கிறேன்.

கரண்ட் எனக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. ஆனால் தினமும் எதோ நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த மாதங்களை விட்டுவிட்டேன். தம்பி, தேதியை எழுதி வையுங்கள்.

#17 · சாத்தூர்ச்சேவு · ஜூன் 13

அண்ணா, இதைப் படித்துவிட்டு அண்ணனிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். 30 சிட்டிங் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அக்கா, அப்படியானால் நாங்கள் தினமும் என்னதான் செய்யவேண்டும்?

#18 · பிசியோக்கா · ஜூன் 13

இடக்கை சொன்னதுக்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன்.

கணக்கு முதலில். நரம்பு இழை ஒரு நாளைக்கு உத்தேசமாக ஒரு மில்லிமீட்டர் ஊரும். எக்ஸ்ரேயில் எலும்பு உடைந்த இடத்திலிருந்து முழங்கைக்குக் கொஞ்சம் மேல்வரை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் 100 நாள். கிளம்பவும், தசைக்குள் போய் ஒட்டவும் இன்னும் சில வாரம். அதற்கு முன் எதுவும் அசையாது. பயப்படவேண்டாம், ஆனால் அதைத் தாண்டியும் அசையவில்லை என்றால் சும்மாவும் இருக்காதீர்கள்.

இப்போதே ஒரு ஈஎம்ஜி (தசையில் ஊசி வைத்து அதன் மின்துடிப்பைப் பார்ப்பது), நரம்பு ஓட்டப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு முன் எடுத்தால் ஏமாற்றும், உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிடவேண்டும்.

ஸ்ப்ளின்ட் இல்லாமல் ஒரு நாளும் இருக்கக்கூடாது. மணிக்கட்டை மேல்நோக்கித் தாங்கும் வகை. நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப்போயிருந்தால் வந்தும் பயனில்லை. என்னிடம் வருபவர்களில் கை கெடுவது பெரும்பாலும் நரம்பால் இல்லை, இறுகிய மூட்டால்தான். காலை, மதியம், ராத்திரி, இடது கையால் வலது மணிக்கட்டை மேலே தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கட்டை விரலை நன்றாக விலக்கிப் பத்து எண்ணிக்கை வரை பிடிக்கவேண்டும். பரோட்டா மாஸ்டருக்கு மாவு பிசையும் பொறுமை இருக்கும், இதுவும் வரும்.

முதலில் திரும்புவது மணிக்கட்டு இல்லை. சொம்பைப் பிடிப்பதுபோல் கட்டை விரல் மேலே இருக்கும்படி வைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள், நீங்கள் கையை அமுக்கிப் பிடியுங்கள். முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு தசை கயிறுபோல் எழும்பவேண்டும். வாரம் ஒரு முறை அங்கே பாருங்கள். அது வந்தால் அடுத்தது மணிக்கட்டு, பிறகு விரல்கள், கடைசியில் கட்டை விரல்.

கால்வனிக் வேண்டுமா என்று கேட்டால், ஆள் கூடவே நின்று வைப்பதென்றால் வாரத்தில் சில நாள், சில நிமிடம் வைக்கலாம், வைக்காவிட்டாலும் குற்றமில்லை என்பேன். 250 ரூபாயை முதலில் ஸ்ப்ளின்ட்டுக்கும் ஈஎம்ஜிக்கும் செலவழியுங்கள்.

எதுவுமே வராவிட்டாலும் கதை முடிந்துவிடாது. உள்ளங்கைப் பக்கம் நன்றாக இருக்கும் தசைகளில் சிலவற்றின் நாணை (தசையை எலும்போடு கட்டும் நாரை) மாற்றிக் கட்டி மணிக்கட்டையும் விரலையும் தூக்க வைக்கலாம். ரேடியல் நரம்புக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் 1940களின் கடைசியிலேயே தொழுநோயால் மடங்கிய கைகளுக்கு இந்த நாண் மாற்றும் வேலையைத்தான் ஆரம்பித்தார். நம் ஊருக்குப் புதிதில்லை.

#19 · சாத்தூர்ச்சேவு · ஜூன் 24

22ஆம் தேதி ஈஎம்ஜி எடுத்தோம். ஊசி குத்தியபோது ஸ்பீக்கரில் ஓட்டில் மழைத்துளி விழுவது மாதிரி டப் டப் என்று சத்தம். அது நரம்பில்லாத தசை தானாகத் துடிக்கிற சத்தமாம். அண்ணன் தூக்க முயன்றபோது வேறு சத்தம் எதுவும் வரவில்லை. இரண்டாவது வகை போலத்தான், மூன்றாம் மாத முடிவில் மறுபடி வாருங்கள் என்றார்கள். நரம்பு ஆபரேஷன் செய்யும் டாக்டரிடமும் காட்டிவிட்டோம். தேதி கேட்டார், சொன்னோம், பேனாவைக் கீழே வைக்கவில்லை.

சென்டரில் வலது குமிழைத் திருப்பச் சொன்னேன். முறைத்தார், ஆனால் திருப்பினார். அக்கா சொன்ன மண்புழுவைப் பார்த்தேன். மணிக்கட்டு தூங்கி எழுபவன் தலையைத் தூக்குகிற மாதிரி கொஞ்சமாக எழும்பி, விழுந்தது. அண்ணன் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டோம்.

#20 · கோணச்சிரிப்பு · ஜூலை 30

முகம் முக்கால்வாசி திரும்பிவிட்டது. கரண்ட் வைக்கவில்லை. இனி இந்தப் பெயரை மாற்றவேண்டும்.

#21 · சாத்தூர்ச்சேவு · செப்டம்பர் 5

அக்கா, வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. இன்றோடு 131 நாள். காலையில் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கையை மடக்கச் சொன்னேன். வெளிப்பக்கம் மெலிதாக ஒரு கயிறு. நான்தான் கற்பனை செய்கிறேனோ என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "பல்லி வால் மாதிரி துடிக்குது" என்றார்.

போன மாத ஈஎம்ஜியிலேயே அண்ணன் மடக்க முயன்றபோது சின்னதாகச் சத்தம் வந்தது, நரம்பு வருகிறது என்றார்கள். கண்ணால் பார்த்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒரு சந்தேகம். ஸ்ப்ளின்ட்டின் வெல்க்ரோ எண்ணெய் பட்டுப்பட்டு ஒட்டமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

#22 · பிசியோக்கா · செப்டம்பர் 5

சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் பிரஷால் தேய்த்துக் காயவையுங்கள். வெயிலில் போடாதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

சரி, எண்ணெய் எங்கிருந்து வந்தது? அவர் கடைக்குப் போகிறாரா?

#23 · சாத்தூர்ச்சேவு · செப்டம்பர் 6

போகிறார் அக்கா. மூன்று வாரமாக. கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு புதுப் பையன் வீசுவதைப் பார்த்து, "மணிக்கட்டுடா, மணிக்கட்டு" என்று கத்திக்கொண்டு இருக்கிறார்.